படிவம் ஏழில் கோலுக்கு இடமில்லை

மத்திய மலைநாட்டுத் தொழில்முறை உதைபந்தாட்ட லீக்கின் முதலாவது பருவத்தின் முதலாவது போட்டியில் சங்கிலிமலைத் தோட்டத்து அணி நாலுக்குப் பூச்சியம் என்று வென்றது. மூன்றாம் நாள் வாட்சப்பில் வந்த புள்ளிப் பட்டியலில் அதே அணி ஆறு அணிகளில் ஆறாவதாக நின்றது.

அணியின் முகாமையாளர் இராசமாணிக்கம் பட்டியலை இரண்டு தரம் படித்தார். ஏதோ தலைகீழாக வந்துவிட்டது என்று நினைத்துக் கைபேசியைத் திருப்பிப் பார்த்தார். பட்டியலும் கூடவே திரும்பிக்கொண்டது. சங்கிலிமலை மறுபடியும் கீழேதான் கிடந்தது.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. எல்கடுவைக்கு மேலே இருக்கிற சங்கிலிமலையின் தேயிலை ஸ்டோரில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. முகாமையாளர் என்றால் மூன்று மொழியிலும் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. தோட்டத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர் பெரிய கிளாக்கர், அவருக்கு மூட்டுவலி. இப்படித்தான் இராசமாணிக்கம் தொழில்முறை உதைபந்தாட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு, அதுதான் உண்மையான காரணம். சங்கிலிமலையில் ஒரு பந்தைக் கீழே வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் சரிவு. அந்த ஒரு சமதரையை உண்டாக்கியது எந்தக் கம்பனியும் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இராசமாணிக்கமும் அவருடைய வயதுச் சோட்டுக்காரர்களும் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொடுத்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிரப்பிய மைதானம் அது. கொழுந்துக் கூடையில் மண் சுமந்த பெண்களில் ஒருத்திதான் பாலாமணி. மைதானம் முடிந்த வருஷம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

இப்போது கம்பனி அந்த நிலத்தில் தேயிலைக் கன்று வளர்க்கிற மேடை போட வேண்டும் என்று எழுதியிருந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரை நல்ல மனுஷர். அணி தொழில்முறை லீக்கில் இருக்கிற வரைக்கும் மைதானத்தைத் தொடுவதில்லை என்று கம்பனியிடம் எழுத்தில் வாங்கிக் கொடுத்திருந்தார். லீக்கின் விதியோ, பருவ முடிவில் கடைசியாக வருகிற அணி நீக்கப்படும் என்று சொன்னது. ஆகவே ஆறாம் இடம் என்றால் கன்று மேடை.

மறுநாள் இராசமாணிக்கம் அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து மாத்தளை நகரத்துக்குப் போனார். லீக்கின் காரியாலயம் வாசனைச் சரக்குக் கடை ஒன்றின் மேல் மாடியில் இருந்தது. கராம்பு வாசம் படியேறி வந்து கோப்புகளுக்குள் எல்லாம் குடியிருந்தது.

லீக்கின் செயலாளர் தர்மராஜா, வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்து மாத்தளையிலேயே ஓய்வுபெற்றவர். முப்பத்தொரு வருஷம் ஒரு திணைக்களத்தில் கட்டடத் திறப்பு விழாக்களை ஒழுங்குசெய்து பெயர் வாங்கியவர். அவர் திறந்துவைக்க ஏற்பாடு செய்த கட்டடங்களில் சில இன்னமும் நிற்கின்றன. லீக்கின் தொடக்கக் கூட்டத்தில் அவர் பேசியது எல்லோருக்கும் நினைவிருந்தது. "இதுவரை காலமும் நீங்கள் விளையாடினீர்கள். இனித் தொழில்முறை. இனி அந்தக் குறை இருக்காது" என்று சொல்லிக் கைதட்டும் வாங்கியிருந்தார்.

இராசமாணிக்கம் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தாங்கள் நாலு கோல் போட்டதைச் சொன்னார்.

"ஓமோம், கேள்விப்பட்டனான். சந்தோஷம்" என்றார் தர்மராஜா. "ஆனா உங்கட விளக்கு அணைஞ்சு போச்சே, தம்பி."

அப்போதுதான் இராசமாணிக்கம் படிவம் ஏழை முதன்முதலாகப் பார்த்தார். ஒவ்வொரு போட்டியையும் பார்வையிட லீக் அனுப்புகிற ஆணையாளர் நிரப்பிக் கொடுக்கிற அறிக்கை அது. மேலே 'கட்டடத் திறப்பு விழா அறிக்கை' என்று அச்சடித்திருந்தது. 'கட்டடத் திறப்பு விழா' என்பதை மட்டும் சிவப்பு மையால் வெட்டி, 'உதைபந்தாட்டம்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். மற்றபடி ஒன்றும் மாறவில்லை. பிரதம அதிதி வந்த நேரம். வெற்றிலை கொடுத்து வரவேற்றவர் இரண்டு கையாலும் கொடுத்தாரா. கொடி ஒரே இழுப்பில் ஏறியதா. விளக்கின் ஐந்து திரிகளும் அதிதி ஆசனத்தில் அமரும்வரை எரிந்தனவா. வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுச் சின்னம், நன்றியுரை. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, எல்லாம் சேர்ந்து ஐம்பது. சொந்த மைதானத்தில் விழா நடத்துகிற அணிக்கு அந்த ஐம்பது. வந்த அணிக்கு, வரிசையில் அசையாமல் நின்றதற்குப் பத்து. சங்கிலிமலைக்கு அந்த ஐம்பதில் ஒன்பதுதான் விழுந்திருந்தது. முப்பத்திரண்டாவது கேள்வி கட்டடத்தின் தற்போதைய நிலையை விசாரித்தது. அதற்கு ஆணையாளர் 'திறந்தவெளி' என்று எழுதியிருந்தார்.

"கோலு எங்கங்க ஐயா வருது?"

தர்மராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானும் அன்றுதான் தேடுகிறவர்போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரலால் ஓட்டிக்கொண்டு போனார். முப்பத்திமூன்றில் நின்றார். 'வேறு விடயங்கள் இருப்பின்.' அங்கே ஆணையாளரின் கையெழுத்தில் 'நான்கு கோல்கள். மழை இல்லை' என்றிருந்தது. அந்தக் கேள்விக்குப் புள்ளி கிடையாது.

"வெளக்கு அணைஞ்சதுக்கு நாங்க என்னங்க ஐயா செய்றது? மலைங்க. காத்து அடிக்கும்."

"காத்துக்கும் இதில இடமில்லைத் தம்பி" என்றார் தர்மராஜா, உண்மையான வருத்தத்தோடு. படிவத்தைத் திருத்தக் கூடாதா என்று கேட்டதற்கு, அவர் சுவரோரம் கூரை முட்ட அடுக்கியிருந்த கட்டுகளைக் காட்டினார். ஐயாயிரம் பிரதி, மூன்று மொழியில். திருத்துவதானால் பொதுச்சபை கூட வேண்டும். பொதுச்சபை பருவம் முடிந்ததும் கூடும். அதன் முதலாவது அலுவல், பருவத்தின் புள்ளிப் பட்டியலை ஏகமனதாக அங்கீகரிப்பது. பிறகு அவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, ஆறுதலாக ஒரு விளக்கமும் கொடுத்தார். "யோசிச்சுப் பாருங்கோ. கோல் எண்டுறது ஒரு செக்கன் வேலை. பந்து உள்ளுக்குப் போகுது, திரும்ப எடுத்து வெளியில எறியினம். அதில என்ன மிஞ்சுது? நினைவுச் சின்னம் எண்டால் வீட்டில இருக்கும்."

கீழே இறங்கும்போது இராசமாணிக்கம் கராம்பு வாசத்தில் தும்மினார். தும்மலுக்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனாலும் மனிதர் சட்டென்று நம்பிக்கையை விடுகிற ஆள் இல்லை. நிறையக் கோல் போட்டால், எவ்வளவு பெரிய காரியாலயமாக இருந்தாலும் ஒருநாள் கண்ணில் படத்தானே வேண்டும் என்று அணியிடம் சொன்னார். அணியின் முன்வரிசையில் நிற்கிற சுதர்ஷன் தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவன், இருபத்திரண்டு வயது, காலில் பந்து பட்டால் பிறகு அதைக் கண்டுபிடிக்க வலைக்குள்தான் தேட வேண்டும். அவன் தலையை ஆட்டினான்.

சீகிரியாவில் ஆறு கோல் போட்டார்கள். சீகிரியா அணியில் எல்லோரும் ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள். சங்கிலிமலைப் பையன்கள் வேனைவிட்டு இறங்கியதும் ஆளுக்கொரு குளிர்ந்த துவாய் கொடுத்தார்கள். அன்னாசிச் சாறு கொடுத்தார்கள், கிளாசின் விளிம்பில் ஒரு பூவும் இருந்தது. ஒவ்வொரு கோலுக்கும் அவர்களுடைய கோல் காப்பாளர் சிரித்த முகத்தோடு பந்தை எடுத்துக் கொடுத்து, பயணம் சுகமாக இருந்ததா என்று சுதர்ஷனிடம் விசாரித்தார். சீகிரியாவுக்கு ஐம்பதுக்கு ஐம்பது கிடைத்தது. சங்கிலிமலைக்கு ஆறு, சுதர்ஷன் வரிசையில் நிற்கும்போது துவாயால் கழுத்தைத் துடைத்துவிட்டான்.

இரண்டாவது போட்டியிலிருந்து ஆணையாளராக வந்தவர் வாகினி. வவுனியாப் பக்கத்துப் பெண், மாத்தளையில் அரசாங்க உத்தியோகம், சனிக்கிழமைகளில் லீக்குக்கு இரவல். நேர்மையானவர், ஒரு புள்ளி கூட்டவும் மாட்டார் குறைக்கவும் மாட்டார். அவருடைய கதிரை மேடையைப் பார்த்துப் போடப்பட வேண்டும் என்று விதி இருந்தபடியால், பருவம் முடியும்வரை மைதானத்துக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது போட்டியில், பின்னால் என்ன சத்தம் என்று இராசமாணிக்கத்திடம் கேட்டார்.

"கோலுங்க மிஸ்."

"அது எத்தினையாம் இலக்கத்தில வரும், அண்ணை?"

இராசமாணிக்கம் முப்பத்திமூன்று என்றார். வாகினி நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்.

சங்கிலிமலையில் நடந்த போட்டிகளில் அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் வரும். மைதானத்துக்கு மேலே ஏழாம் நம்பர் மலை. சனிக்கிழமைகளில் அங்கே பாலாமணியும் மற்றப் பெண்களும் கொழுந்து பறித்தார்கள். கை பறித்துக்கொண்டிருக்கும், கண் கீழே இருக்கும். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கூவல், பிறகு எத்தனையாவது என்று யாராவது ஒருவர் உரக்கச் சொல்லுவார். லீக்கின் தொழில்முறைப் பருவத்தில் கோல்களை எண்ணிய ஒரே அமைப்பு அதுதான்.

நாலாவது போட்டிக்குள் மற்ற அணிகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாத்தளை நகர அணியின் முகாமையாளர் இரும்புக்கடை றுஸ்தி, தன்னுடைய மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரனை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்குக் கல்யாண மண்டபங்களில் அறிவிப்புச் செய்கிற ஒருவரைப் பதிவுசெய்தார். ஒன்பதாம் இலக்கச் சட்டையோடு அவர் மேடையில் நின்று மூன்று மொழியிலும் உருகினார். இராசமாணிக்கம் ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது றுஸ்தி தோளில் கைபோட்டுச் சொன்னார்: "மாணிக்கம், பந்து ஒதைக்கிறவன் ஊருக்கு நூறு பேர் ஈக்கான். மைக் பிடிக்கிறவன் ஒத்தன்தான் ஈக்கான்."

நாலந்தா அணி பெரிய றோட்டிலிருந்து மைதானம் வரைக்கும் மேளதாளத்தோடு அதிதியை அழைத்துவந்தது. ஊர்வலம் ஒன்றேகால் மணித்தியாலம். மிஞ்சிய வெளிச்சத்தில் பதினொரு நிமிஷம் விளையாடினார்கள். தம்புள்ளை அணி மரக்கறிகளால் தோரணம் கட்டியது. அதிலிருந்து ஒரு பூசணிக்காய் அதிதியின் பக்கத்தில் விழுந்தது, ஆனால் நன்றியுரைக்குப் பிறகு விழுந்தபடியால் புள்ளி குறையவில்லை. உக்குவெலை அணியின் வரவேற்புரை இரண்டு பகுதியாக நடந்தது, நடுவில் இடைவேளை விட்டார்கள். அது உதைபந்தாட்டத்துக்கென்று வைத்திருந்த இடைவேளை.

சுற்றுநிருபங்களும் வந்துகொண்டிருந்தன. நாலாம் சுற்றுநிருபம், உரைகள் நடக்கும்போது மத்தியஸ்தர் விசில் ஊதக்கூடாது என்றது. ஒன்பதாம் சுற்றுநிருபம் பந்துக்குரிய மரியாதையைப் பற்றியது. இனிப் பந்து வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டு, பிரதம அதிதியால் மாலை அணிவிக்கப்படும். மாலையோடு பந்தை உதைப்பது அவமரியாதை. அணிவித்தவரே மாலையைக் கழற்ற வேண்டும். அணிவித்தவர் அநேகமாக அடுத்த விழாவுக்குப் போயிருப்பார். ஆகவே பன்னிரண்டாம் சுற்றுநிருபம் ஒரு வழி சொன்னது: போட்டிக்கு நேரம் போதாதவிடத்து இரு அணிகளும் விளையாடுகிற பாவனையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம், அது போட்டியாகவே கொள்ளப்படும்.

அதற்குள் சுதர்ஷன் பத்தொன்பது கோல் போட்டிருந்தான். ஏழாவது போட்டியிலிருந்து அவன் ஒரு பந்தையும் தொடவில்லை. எட்டாவதிலும் ஒன்பதிலும் உதைக்கப் போகிறவன் மாதிரிக் காலைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு நின்றான். இரண்டு படத்திலும் நன்றாகவே விழுந்திருந்தான். படத்தைக் காட்டியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசிப் போட்டி சொந்த மைதானத்தில், மாத்தளை நகரத்தோடு. பட்டியலில் சங்கிலிமலை இன்னும் ஆறாவதுதான். எல்லாப் போட்டியும் முடித்து ஐந்தாவதாக இருந்த உக்குவெலையைத் தாண்ட நாற்பத்தெட்டுப் புள்ளி வேண்டும். அதுவரையில் சங்கிலிமலை தன் மைதானத்தில் வாங்கிய ஆகக்கூடியது முப்பத்தொன்று. மலைக்காற்று ஒரு தடவையும் ஐந்து திரியை எரிய விடவில்லை. கம்பனி ஆட்கள் வந்து மைதானத்தில் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். நாலு மூலையிலும் முளை அடித்திருந்தது.

அன்று பின்னேரம் இராசமாணிக்கம் லயத்து வீட்டு வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் கோலை நம்பி முட்டாளாகிவிட்டதாகச் சொன்னார். பாலாமணி கூடையை இறக்கி வைத்தார்.

"மண்ணு சொமந்தது நானு" என்றார். "ஒரு வெளக்க அணையாமப் பாத்துக்க முடியாதா எனக்கு? எங்கிட்ட விடுங்க."

அடுத்த இரண்டு வாரமும் மைதானத்தில் பயிற்சி நடந்தது. பந்து ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. பாலாமணி, விடியற்காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுப்பதுபோல எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். வெற்றிலை கொடுக்க நாலு பெண்கள், இரண்டு கையாலும். கொடிக்கயிற்றுக்குத் தேங்காயெண்ணெய் தடவினார்கள், ஒரே இழுப்பில் ஏற வேண்டும் என்று. சுதர்ஷனுக்கு நன்றியுரை. அறுபத்து மூன்று பெயர், பதவிகளோடு, வரிசை தவறாமல் மனப்பாடமாக வேண்டும்.

"அண்ணே, நான் கோலு போட வந்தவன்" என்றான் சுதர்ஷன்.

"கோலு போட எடம் வேணுமில்லடா. அதுக்குத்தான் இதப் பேசுற" என்றார் இராசமாணிக்கம். சொல்லும்போது அவருக்கே அது சரியாகப் பட்டது. இரவு படுத்தபோது கொஞ்சம் சரியில்லாமல் பட்டது, ஆனால் நித்திரை வந்துவிட்டது.

விளக்குத்தான் பெரிய சிக்கல். கண்ணாடிக் கூண்டு வைத்தால் மூன்று புள்ளி போய்விடும். மறைப்புக் கட்டினால் மேடை மறையும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து எப்போது திரும்பும் என்று பாலாமணிக்குத்தான் தெரியும், இருபது வருஷம் அந்த மலையில் நின்றவர். அவர் கையை நீட்டிக் காட்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்த இராசமாணிக்கத்துக்குச் சட்டென்று பொறிதட்டியது. எதிரணி ஃப்ரீ கிக் அடிக்கும்போது எப்படி நிற்பார்கள்? தோளோடு தோள் ஒட்டி, முன்னால் கை கட்டி. பின்வரிசை ஆட்டக்காரர்கள் ஆறு பேரும் விளக்குக்குக் காற்றுப் பக்கமாக மதில் கட்டினார்கள். பாலாமணி "எடது" என்றால் இடது பக்கம் நகர்ந்தார்கள், "வலது" என்றால் வலது பக்கம். ஆறு வருஷமாக அந்தப் பின்வரிசை அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. தீக்குச்சி ஒன்றைப் பிடித்துப் பார்த்தார்கள். சுடர் நேராக நின்றது.

போட்டி நாள் பிரதம அதிதியாக ஒரு பிரமுகர் வந்தார். வாகனத்தை விட்டு இறங்கும்போதே கையில் கத்தரிக்கோல் இருந்தது. அழைப்பிதழோடு படிவத்தின் பிரதி ஒன்றும் போயிருந்தபடியால், கட்டடம் எங்கே என்று கேட்டார். பாலாமணிதான் தலைப்பின்னலிலிருந்த சிவப்பு றிப்பனை அவிழ்த்து, இன்னும் இரண்டு பெண்களின் றிப்பனையும் சேர்த்து முடிந்து, கோல் கம்பங்களுக்குக் குறுக்கே கட்டச் சொன்னார். அதிதி அதை வெட்டினார். கைதட்டல் கேட்டது. அவருக்குத் திருப்தி.

சிறப்புரை ஐம்பது நிமிஷம். "இன்றைய இளைஞர்கள் மைதானத்தை மறந்துவிட்டார்கள்" என்று அவர் தொடங்கினார். "அவர்கள் மைதானத்துக்கு வர வேண்டும். வந்து உட்கார வேண்டும். அமைதியாகக் கேட்க வேண்டும். நானும் சிறுவயதில் உதைபந்தாட்டம் ஆட ஆசைப்பட்டவன்தான். ஆனால் ஆடினால் தலைவனாக வர முடியாது என்று புரிந்துகொண்டேன். ஆடுகிறவனைப் பந்து அலைக்கழிக்கும். மாலை போடுகிறவனிடம் பந்து தானாகத் தட்டில் வரும்." தர்மராஜா அதைக் குறித்துக்கொண்டார்.

காற்று மூன்று தடவை திரும்பியது. மூன்று தடவையும் மதில் நகர்ந்தது. ஐந்து திரியும் அதிதி உட்காரும்வரை எரிந்தன. உட்கார்ந்த பிறகும் எரிந்தன. சுதர்ஷன் அறுபத்து மூன்று பெயரையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வாகினி எழுதிக்கொண்டே இருந்தார். கட்டடத்தின் தற்போதைய நிலை என்ற இடத்தில், கொஞ்சம் யோசித்து, 'அசையவில்லை' என்று எழுதினார்.

போட்டி தொடங்க வேண்டிய நேரத்தில் மலையிலிருந்து மூட்டம் இறங்கிவிட்டது. மத்தியஸ்தர் ஒரு தடவை ஊதினார், அதையே தொடக்கமாகவும் முடிவாகவும் கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு அணிகளும் படத்துக்கு நின்றன. பந்து மாலையோடு தட்டில் இருந்தது. ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கூடைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

ஐம்பதுக்கு ஐம்பது. சங்கிலிமலை ஐந்தாவது இடம். உக்குவெலை நீக்கப்பட்டது, அவர்களுடைய அறிவிப்பாளருக்குக் கடைசிப் போட்டியில் தொண்டை கட்டியிருந்தது. செய்தி வந்தபோது இராசமாணிக்கம் கொழுந்து வாட்டுகிற மாடியில் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அந்த இடத்திலேயே, கொழுந்து வாசத்துக்கு நடுவில், வெட்கமில்லாமல் அழுதார். மைதானம் தப்பிவிட்டது. இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் தப்பிவிட்டன. கம்பனி ஆட்கள் வந்து நாலு முளையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் லீக்கிலிருந்து ஒரு லொறி சீமெந்து வந்தது.

சங்கிலிமலையின் மைதானம் மாகாணத்தின் முன்மாதிரி விழா மைதானமாகத் தெரிவாகியிருந்தது. ஒரு பக்கத்துக் கோலின் முன்னால் நிரந்தர மேடை எழுந்தது. மறுபக்கத்தில் அதிதிகளின் வாகனங்களுக்குக் கொங்கிறீட் தரை. நட்டநடுவில், பந்து வைத்துத் தொடங்குகிற இடத்தில், விளக்குக்கு ஒரு கல் பீடம். காற்றுப் பக்கமாக, மதில் கட்டிய ஆறு பேருக்கும் பதிலாக, ஆள் உயரத்தில் ஆறு தூண்கள். சுற்றிவர இரும்புச் சங்கிலி. விளையாடுவது முற்றாகத் தடை என்று மூன்று மொழியில் ஒரு பலகை. மேடை திறந்த அன்று படிவம் ஏழு தன் பழைய தலைப்பில், வெட்டு எதுவும் இல்லாமல் நிரப்பப்பட்டது.

திறப்பு விழாவில் தர்மராஜா பேசினார். "இந்த மைதானத்தை இனி ஒருத்தராலும் நாசமாக்க முடியாது. கம்பனியால் முடியாது. மழையால் முடியாது. பந்தாலும் முடியாது." பிறகு கீழே இறங்கிவந்து இராசமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுதுதானே, தம்பி?"

இராசமாணிக்கம் ஆமாங்க ஐயா என்றார். தொப்பியைக் கழற்றி, பிறகு திரும்பப் போட்டுக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் ஸ்டோருக்குப் போகிற றோட்டு வளைவில் விளையாடுகிறார்கள். இரண்டு பக்கமும் கல் வைத்திருக்கிறார்கள். பந்து வெளியே போனால் ஒருவன் கீழே ஓடையடி வரைக்கும் இறங்கி எடுத்துவர வேண்டும். அதற்குள் மற்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். இராசமாணிக்கம் வழக்கம்போலக் கூடப் போவார். போன ஞாயிறும் போனார். வெயில் சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, வாசல் பீப்பாயில் கால் கழுவினார். பாலாமணி ஞாயிறு வேலை முடிந்து அப்போதுதான் மலையிலிருந்து வந்து, தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைக்கு எத்தனைங்க?"

"நல்லா வரிசையா நின்னாங்க" என்றார் இராசமாணிக்கம். "எடது பக்கந்தான் கொஞ்சம் கோணலு. வர்ற வாரம் சரிப்படுத்திரலாம்."

பாலாமணி துணியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தார். இராசமாணிக்கத்துக்குத் தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. ஒன்றரை மணித்தியாலம் அங்கேதான் நின்றிருக்கிறார். ஒரு கோலும் நினைவில் இல்லை. ஈரக்கால் நிலத்தில் அப்படியே நின்றது. அவ்வளவு வெட்கம் அவருக்கு லீக்கின் காரியாலயத்தில்கூட வந்ததில்லை.

"நாலுக்கு ரெண்டு" என்றார் பாலாமணி. "சுதர்ஷன் மூணு போட்டான். மேலேருந்து நாங்க எண்ணிக்கிட்டுதான் இருந்தோம்."

இராசமாணிக்கம் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையைத் துழாவினார். பேனா இருந்தது. எழுத ஒன்றும் இருக்கவில்லை, மடித்துக் கிடந்த படிவம் ஏழு ஒன்றைத் தவிர. அதை விரித்து, மறுபக்கம் திருப்பினார். பின்பக்கம் ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, நாலு, ரெண்டு என்று எழுதிவிட்டு, அதற்கு முதல் ஞாயிறு எத்தனை என்று பாலாமணியிடம் கேட்டார்.